குரூப் 4 தமிழ்ப் பகுதி: மனுவைப் படித்தால் புரிகிற ஆள் வேண்டும்

விஏஓ, இளநிலை உதவியாளர் மாதிரி வேலைகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்துகிற குரூப் 4 தேர்வின் தமிழ்ப் பகுதி பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிற சண்டையைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்க் கட்டாயத்தை எடுத்துவிட்டுப் பழையபடி பொது ஆங்கிலமும் கொடுங்கள் என்கிறது ஒரு தரப்பு. பழைய பாடத்திட்டத்தையே திரும்பக் கொண்டு வாருங்கள், நூலாசிரியர், அடைமொழி, மேற்கோள் என்று கேட்டால்தான் படித்தவன் மார்க் வாங்குவான் என்கிறது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டிலுமே சம்மதமில்லை.

தெரியாதவர்களுக்காகத் தேர்வு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ், மீதியில் பொது அறிவு 75, திறனறிவு 25. தப்பாகப் போட்டால் மைனஸ் கிடையாது. ஆனால் தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியை மதிப்பிடவே மாட்டார்கள். 2021 டிசம்பரில் அரசாணை வருவதற்கு முன்னால் பொதுத்தமிழ், பொது ஆங்கிலம் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்தது. அதை நிறுத்தியது சரிதான். விஏஓ ஆகவோ இளநிலை உதவியாளராகவோ உட்காருகிறவர் கைக்கு வருகிற மனு நம் ஊரில் தமிழில்தான் வருகிறது.

அந்த மனு எப்படி இருக்கும் தெரியுமா? தாலுகா ஆபீஸ் வாசலில் எழுதிக் கொடுக்கிறவர் முழுப் பக்கத்துக்கு எழுதியிருப்பார், நடுவில் ஒரு முற்றுப்புள்ளி இருக்காது. அப்பாரு காலத்தில் பாகம் பிரித்ததில் தொடங்கும், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு வரும், முறைத் தண்ணி விடாத தகராறு வரும், அண்ணன் மகன் பொழிக்கல்லை, அதாவது எல்லைக்கல்லை, பிடுங்கிப் போட்டது வரும், ஸ்டேஷனுக்குப் போய் வந்தது வரும், கடைசியில் தக்க நடவடிக்கை எடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிந்துவிடும். பொறுமையாக இரண்டு தடவை படித்தால்தான் தெரியும், அந்தப் பெரியவருக்கு வேண்டியது கூட்டுப்பட்டாவில் கிடக்கிற தன் பங்கைப் பிரித்துத் தனிப்பட்டா. அதற்கு உட்பிரிவு செய்ய வேண்டும், சர்வேயர் வந்து அளக்க வேண்டும். இது புரிகிற ஆள் அங்கே இருந்தால், "ஐயா, இதுக்கு உட்பிரிவு பட்டாவுக்கு விண்ணப்பம் போடோணுங்க" என்று அன்றைக்கே வழி சொல்லி அனுப்பலாம். புரியாத ஆள் எல்லைத் தகராறு என்று குறிப்பெழுதி மேலே தள்ளிவிடுவார், அது நாலு மேசை சுற்றி, சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று ஒரு கடிதமாகத் திரும்பி வரும்.

இதற்குத்தான் தமிழ்ப் பகுதி. இதைத்தான் அது சோதிக்க வேண்டும்.

2024 டிசம்பரில் தேர்வாணையம் பாடத்திட்டத்தை மாற்றியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்வது 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15 என்று பிரித்தார்கள். முன்பு பெரிய இடத்தைப் பிடித்திருந்த இலக்கியம் 15-க்குள் வந்தது. இலக்கியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் குறளும் சிலம்பும் நடத்துகிறவன்தான் நான். ஆனால் எந்தப் புலவருக்கு எந்த அடைமொழி என்பதை வைத்து ஒரு குமாஸ்தாவைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பிரச்சினை எங்கே என்றால், தலைப்பு மாறியது, கேள்வி கேட்கிறவர்களின் பழக்கம் முழுசாக மாறவில்லை. 2025 ஜூலை 12 தேர்வு முடிந்த அன்றே, பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து கேட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகள் கொதித்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கடினமாகக் கேட்கட்டும், பரவாயில்லை. புரிந்துகொள்ளும் திறன் என்று சொல்லிவிட்டு மனப்பாடத்தைக் கேட்கக் கூடாது.

பள்ளிப் பாடப்புத்தகத்துக்குள் இருந்து கேட்டால்தான் ஏழைப் பிள்ளைக்கு நியாயம், அதுதான் அவர்கள் கையில் இருக்கிறது என்று ஒரு நண்பர் வாதாடினார். லேசில் தள்ளிவிடக் கூடிய வாதம் இல்லை இது. ஆனால் எங்கள் வகுப்புக்கு வருகிற ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். நாளெல்லாம் நின்றுகொண்டே டேமேஜ் பீஸைப் பொறுக்கிப் போட்டுவிட்டு ராத்திரி வந்து ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பெட்டிச் செய்தி ஒன்று விடாமல் உருப்போட அதற்கு நேரம் ஏது? அதே பிள்ளையிடம் ஒரு பத்தியைக் கொடுத்தால் சட்டென்று படித்து, எழுதினவர் என்ன சொல்ல வருகிறார் என்று சரியாகச் சொல்லும். மனப்பாடத் தேர்வில் வருஷக்கணக்கில் ஸ்டடி ஹாலில் உட்கார வசதி உள்ளவர்தான் முந்துகிறார்.

திறனறிவுக் கணக்கிலும் எனக்கு இதே ஆதங்கம் உண்டு. தனிவட்டி, கூட்டுவட்டி, நேரமும் வேலையும் எல்லாம் இருக்கட்டும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும், 0.40.5 என்று போட்டிருந்தால் அதுதான் ஒரு ஏக்கர். ஊர்க்காரர் கேட்பது சென்ட் கணக்கில். ஒரு ஹெக்டேர் 247 சென்ட், ஒரு ஏர் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். இந்த மாதிரி இரண்டு கணக்கு வைத்தால் அதே பரப்பளவுப் பாடத்துக்குள்தான் வரும், வேலைக்கும் உதவும்.

பல லட்சம் பேர் எழுதுகிற தேர்வில் விரிவாக எழுத வைத்துத் திருத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். குரூப் 1, குரூப் 2 மெயின்ஸில் தமிழ்த் தகுதித் தாளை எழுத வைக்கிறார்கள் என்றால், அங்கே முதல்நிலைத் தேர்வில் வடிகட்டிய பிறகுதான் வைக்கிறார்கள். இங்கே கொள்குறி வகையிலேயே, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற முறையிலேயே செய்யலாம். நான் மேலே சொன்ன மாதிரி ஒரு மனுவை அப்படியே அச்சடித்து, மனுதாரர் கேட்பது என்ன, எந்தத் தகவல் விட்டுப்போயிருக்கிறது, இதைச் சுருக்கி ஒரு வரியில் எழுதினால் எது சரி என்று ஐந்து கேள்வி கேட்கலாம். வாசிப்புக்கு இப்போது இருக்கிற 15-ஐ 25 ஆக்கலாம், அந்தப் பத்தைச் சொல்லகராதியிலும் இலக்கியத்திலும் பாதிப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வருகிறது, விடை தப்பென்றால் ஆதாரத்தோடு ஆட்சேபம் சொல்ல முடிகிறது. அதே பட்டியலில் ஒவ்வொரு கேள்விக்கும் நேராக, இது பாடத்திட்டத்தில் எந்த அலகைச் சேர்ந்தது என்று ஒரு கட்டம் சேர்த்து வெளியிடுங்கள். அலகே பொருந்தாத கேள்விக்கும் ஆட்சேபம் சொல்ல வழி கொடுங்கள். கேள்வி தயாரிக்கும்போதே அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் வினாத்தாள் அடுத்த மேசைக்குப் போகும் என்று வைத்தால், வெளியிலிருந்து வருகிற கேள்வி அங்கேயே நின்றுவிடும்.