பார்த்தால் தெரியாது டாக்டர்

ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பில் நடந்ததைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. "நல்லா நடந்துட்டிருந்த இலவசப் பல் முகாமை இவங்க வந்து கெடுத்துட்டாங்க" என்று எழுதியவர்களுக்கு அங்கே நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நம் குடியிருப்பு மாமா ஒருவரின் பல்லைப் பிடுங்குவதற்காக மரத்துப்போகிற ஊசியை டாக்டர் கையில் எடுத்த நேரத்தில், "மாமா, நீங்க தினமும் போடுற மாத்திரையைப் பத்திச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். மாமா விழித்தார். அவர்கள் கொடுத்த படிவத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயம் என்று மூன்று கட்டம்தான். அது புற்றுநோய் மாத்திரை என்று நான் சொன்னதும் அந்த டாக்டர் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "இவரைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

தெரியாது டாக்டர். பார்த்தால் தெரியாது. முடி கொட்டியிருக்காது, கையில் ட்ரிப்ஸ் ஏறாது. காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்க்கொண்டிருப்பார்கள். இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் மாத்திரை வந்தது 2001இல். அதற்கப்புறம் இப்படிப் புற்றணுவைக் குறிவைக்கிற மாத்திரைகள் எத்தனையோ வந்துவிட்டன. படிவம் மட்டும் அந்த மூன்று கட்டத்திலேயே நிற்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். அப்பா இப்ருட்டினிப் என்கிற அந்த மாதிரிப் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு வருடம் முன்பு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம், எல்லாம் சரி என்றார்கள். சாயங்காலம் பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு என் கதவைத் தட்டினார். கையில் எவர்சில்வர் சொம்பு, பாதிக்கு மேல் ரத்தம். வாய் நிறைய உறைந்தும் உறையாமலும் ஈரல் மாதிரி கட்டி. பேச முடியாமல் சைகை காட்டினார். அந்தச் சொம்பை இன்றுவரை நாங்கள் புழங்குவதில்லை.

தையல் போட்டு, ரத்தத்தை நிறுத்தும் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தி, நிற்கும்போது விடிந்துவிட்டது. அந்த மாத்திரை புற்றணுவில் எந்த நொதியை அடைக்கிறதோ, அதற்குத் தட்டணுக்களிலும் வேலை இருக்கிறதாம். எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னாலும் பின்னாலும் மாத்திரையை மூன்று முதல் ஏழு நாள் வரை நிறுத்த வேண்டியிருக்கும், அதைப் புற்றுநோய் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். (தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிட ஆபத்து.) அந்தப் பல் டாக்டர் ஒரு போன் செய்திருந்தால் போதும்.

"வீட்டுக்காரங்கதானே சொல்லணும்?" சரி, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அப்பாவிடம் சர்க்கரை இருக்கா, பிபி இருக்கா என்று கேட்டார்கள். இல்லை என்றார். உண்மையைத்தான் சொன்னார். பல்லுக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதோடு, அப்போது தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லாத காலம். "அந்தப் பிரச்சனை" என்போம். எங்களுக்குள்ளேயே சொல்லாத வார்த்தையை முன்பின் தெரியாத டாக்டரிடம் அவராகவே சொல்வாரா? கேட்டால்தான் சொல்வார்.

"இப்படிப் பயமுறுத்தினா யாருமே பல் டாக்டர்கிட்ட போகமாட்டாங்க" என்று ஒருவர். நான் போகச் சொல்கிறேன் சார். சிகிச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே போகச் சொல்கிறேன். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு டெனோசுமாப், சோலெட்ரானிக் அமிலம் என்று ஊசி போடுகிறார்கள். அதற்கப்புறம் பல்லைப் பிடுங்கினால் சிலருக்குப் புண் ஆறாமல் தாடை எலும்பே வெளியே தெரிய ஆரம்பிக்கும், மாதக்கணக்கில். அதனால்தான் ஆட்டம் கண்ட பல்லையெல்லாம் முதலிலேயே சரிசெய்துவிடச் சொல்கிறார்கள். ஆனால் அது மாத்திரை இல்லையே, ஊசிதானே என்று நோயாளி சொல்லாமல் விட்டுவிடுவார். அதனால் மாத்திரையா என்று மட்டும் கேட்டாலும் போதாது, ஊசியையும் கேட்க வேண்டும்.

இலவச முகாமில் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்கிறார்கள். பிடுங்குகிற பல் இலவசப் பல்லா?

ஒரு குற்றச்சாட்டை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். நாற்பது பேர் நடுவில் மாமாவின் நோயை நான் போட்டு உடைத்திருக்கக் கூடாது. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குச் சொம்புதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்று சாயங்காலமே மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மாமி கதவைப் பாதிதான் திறந்தார். மாமாவுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று குழுவில் தோண்டுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி மாமாவே வந்தார். பல் இன்னும் வலிக்கிறதாம். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, "இதைக் காட்டினா போதுமாம்மா?" என்று கேட்டார். அவரைப் பார்க்கிற புற்றுநோய் மருத்துவரின் நம்பரையும் சேர்த்து எழுதி மடித்து அதோடு வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பக்கத்துக் குடியிருப்பில் அதே முகாமாம். "புற்றுநோய்க்கோ எலும்புக்கோ மாத்திரை, ஊசி எடுக்கிறீர்களா?" என்று ஒரு வரி சேர்த்து, அந்தப் படிவத்தைப் புதிதாக அடித்து அவர்கள் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.