அந்த லேப்ரடார் ரீலும் என் கமெண்டும்

எந்த ரீல் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று நாளாக எல்லோர் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. பளபளவென்று துடைத்த ஹால். சோபாவிலிருந்து குதித்து ஓடிவரும் லேப்ரடார். திரும்புகிற இடத்தில் பின்னங்கால் இரண்டும் அகல விரிந்து, சறுக்கிக்கொண்டே போய் டீப்பாயில் முட்டுகிறது. திரும்ப எழுந்து வந்து திரும்ப விழுகிறது. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

"தரையில் ஏதாவது விரிப்பு போடுங்க, எடையைக் கொஞ்சம் குறைங்க, இடுப்பு மூட்டு கெட்டுடும்" என்று நான் ஒரு கமெண்ட் போட்டேன். அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு என்னென்ன வந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். "நாய்க்குப் பாடி ஷேமிங்கா?", "சந்தோஷத்தைக் கெடுக்க வந்த டாக்டரம்மா", "மனுஷனுக்கே சோறில்ல, நாய்க்குக் கார்ப்பெட்டாம்". ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனிப் பதிவாகவே போட்டுவிட்டார். அதில் என் நண்பர்கள் சிலரும் லைக் போட்டிருக்கிறார்கள். பார்த்தேன்.

சரி, கமெண்டில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. மனிதர்களுக்குப் பிசியோதெரபி செய்கிறேன். முழங்கால், இடுப்பு, தோள்பட்டை இவற்றோடுதான் என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்கள் "இந்த இடத்துல சுளீர்னு இழுக்குதும்மா" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். நாய் காட்டாது. வாலை ஆட்டிக்கொண்டே வரும். வால் ஆடுவதால் அதற்கு வலி இல்லை என்று அர்த்தமில்லை. எத்தனை பேரிடம் இதைச் சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது.

நாய் விரலில் நடக்கிற பிராணி. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அதை முட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். அது குதிகால். அது தரையைத் தொடுவதில்லை. மண்ணில் ஓடும்போது நகம் மண்ணைக் கவ்வும், பாதத்தின் மெத்தைச் சதை பிடிமானம் கொடுக்கும். விட்ரிஃபைட் டைல்ஸில் நகம் எதைக் கவ்வும்? நகம் வளர்ந்து கிடந்தால் மெத்தைச் சதையும் ஒழுங்காகத் தரையில் படாது. இருக்கிற கொஞ்சப் பிடியும் போய்விடும்.

நிற்கும்போது நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்காலில்தான் இருக்கிறது. அந்த முன்னங்கால் உடம்போடு எலும்பு மூட்டால் சேர்ந்திருக்கவில்லை. நமக்குத் தோளை நெஞ்செலும்போடு இணைக்கக் காறை எலும்பு இருக்கிறது. நாய்க்கு அது பேருக்குத்தான். தோள்பட்டை முழுக்கத் தசையால் பிடித்து நிற்கிறது; இரண்டு முன்னங்காலுக்கும் நடுவே உடம்பு தூளி மாதிரி தொங்குகிறது. ஓடிவந்து குதித்து இறங்கும் அதிர்ச்சியைத் தாங்க அருமையான ஏற்பாடு. ஆனால் கால் பக்கவாட்டில் விரியும்போது அத்தனையையும் இழுத்துப் பிடிக்க வேண்டியது அந்தத் தசைதான்.

பின்னங்காலுக்கு வருவோம். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறு வரப்போகிற குட்டிக்கும் பிறக்கும்போது மூட்டு நன்றாகவே இருக்கும். வளர வளரத்தான் தளர்ந்து, தலை குழிக்குள் சரியாக உட்காராமல் உரசத் தொடங்கும். அப்புறம் குருத்தெலும்பு தேயும், மூட்டுவாதம் வரும். பரம்பரைதான் முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் வளர்ப்புக்கும் பங்குண்டு. நார்வேயில் லேப்ரடார் உட்படப் பெரிய இன நாய்களைக் குட்டியிலிருந்து தொடர்ந்து கவனித்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகம். வெளியில் கட்டவிழ்த்து ஓடவிட்ட குட்டிகளுக்குக் குறைவு. மூன்று மாதக் குட்டியை மாடிப்படியில் ஏறவிட்டு வீடியோ எடுக்கிறவர்கள் இதையாவது படிக்கட்டும்.

முழங்காலும் அப்படித்தான். கிரிக்கெட் வீரருக்கு ஏசிஎல் கிழிந்தது என்று செய்தி வருமே, அதே தசைநார் நாய்க்கும் உண்டு. நமக்குப் பெரும்பாலும் ஒரு விபத்தில் கிழிகிறது. நாய்க்கு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேல்பரப்பு பின்பக்கம் சரிவாக இருப்பதால், சும்மா எடையை ஊன்றினாலே அந்தத் தசைநார் இழுபடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நைந்து ஒருநாள் அறுகிறது. நாய் எவ்வளவு கனமோ அவ்வளவு இழுவை. அதனால்தான் எடையைக் குறையுங்கள் என்றேன். அதை எப்படி அய்யா பாடி ஷேமிங் என்கிறீர்கள்? அந்த நாய் அதைப் படித்து வருந்தப்போகிறதா? வருந்துவது அதன் முட்டி.

"லேப்னா குண்டாத்தான் இருக்கும்" என்பார்கள். பாதி உண்மை. லேப்ரடார்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காமல் செய்கிற மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2016-இல் கண்டுபிடித்தார்கள். அந்த நாய் கெஞ்சுவது நடிப்பில்லை, நிஜமான பசி. அதற்காகக் கேட்கும்போதெல்லாம் பிஸ்கட் போட்டுவிடுவதா? தட்டு நம் கையில்தானே இருக்கிறது?

48 லேப்ரடார்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக ஆயுள் முழுக்க உணவு கொடுத்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. எந்த மருந்தும் மாத்திரையும் இல்லாமல், தட்டில் கொஞ்சம் குறைத்ததற்குக் கிடைத்த பலன் இது.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்களுக்கு, அக்கா வீட்டு நாய் புரூனோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புது வீடு கட்டியபோது அத்தான் வாசலிலிருந்து மாடி வரை கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட்டார். குட்டியை விற்றவர் "சாம்பியன் லைன்", அதாவது போட்டியில் ஜெயித்த நாய்களின் வாரிசு, என்று சொல்லி ஒரு பெரிய தொகை வாங்கினார். புரூனோ ஒரு வயதிலேயே இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் மாதிரி வைத்து ஓடும். எல்லோரும் அதை ரசித்தார்கள். நான் போகும்போதெல்லாம் "அக்கா, இது சரியில்லை, எக்ஸ்ரே எடு" என்பேன். "உனக்கு எல்லாரும் பேஷண்டாத்தான் தெரிவாங்க" என்று அம்மாகூடச் சொன்னார்கள். அப்புறம் அது உட்காரும்போது ஒரு காலை ஓரமாக நீட்டியது. நெஞ்சுச் சதை திரண்டுகொண்டே போக, தொடை மெலிந்துகொண்டே போனது, எடையை முன்னால் தள்ளித் தள்ளியே நடந்ததால். எழுந்திருக்கும்போது தரையில் நகம் கரகரவென்று கீறும். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் இன்றைக்கும் என் வயிறு பிசைகிறது.

கடைசி வருடம் அத்தான் அதன் வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கித்தான் ஒன்றுக்குக் கூட்டிப் போவார். அந்தத் தரையை அவ்வளவு ஆசையாகப் போட்டவர், ஹால் முழுக்கக் கோணிச்சாக்கை விரித்து ஓரத்தில் டேப் ஒட்டினார். சாக்கு போட்ட பிறகு புரூனோ கொஞ்ச நாள் தானாக எழுந்தது. அதைப் பார்த்து அக்கா அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அந்தச் சாக்கு குட்டியிலேயே வந்திருக்கலாம்.

இப்போது வந்து "ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கங்க" என்கிறீர்கள். என்னால் முடியாது.

"தெருநாய் சிமெண்ட் ரோட்டுலதானே ஓடுது, அதுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று ஒருவர் மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டிருந்தார். ரோடு சொரசொரப்பு. கால் வழுக்காது. தெருநாய்க்கு விலா தெரியும், உடம்பு இலேசு. அதற்கும் மூட்டு வலி வரும், ஆனால் அந்த வயது வரை அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கிறது? நம் ஊர் வேட்டை நாய் சிப்பிப்பாறையைப் பாருங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "சோறு போடறதில்லையா?" என்று கேட்பார்கள். ஓடுவதற்காகவே வாய்த்த உடம்பு அது. இடுப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. குண்டு நாயைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆரோக்கியமான நாய் பட்டினியாகத் தெரிகிறது.

"எங்க வீட்டு நாய் 13 வருஷம் டைல்ஸ்லதான் இருந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு." இருக்கட்டும். நல்ல விஷயம். சிகரெட் பிடித்துத் தொண்ணூறு வயது வாழ்ந்த தாத்தாவும் எல்லோர் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

வாடகை வீடு, தரையை மாற்ற முடியாது, காசில்லை என்று எழுதியிருந்தவர்களிடம் மட்டும் எனக்குக் கோபமில்லை. தரையை மாற்றச் சொல்லவே இல்லை. அடியில் ரப்பர் உள்ள கால்மிதி, பழைய யோகா மேட், ஒன்றுமில்லையென்றால் ஓரத்தில் டேப் ஒட்டிய சாக்கு. நாய் நடக்கிற வழி, திரும்புகிற இடம், சாப்பாட்டுத் தட்டு வைக்கிற இடம், சோபாவிலிருந்து இறங்குகிற இடம், இங்கே மட்டும் போட்டால் போதும். வெறும் துணி விரிப்பு வேண்டாம், அது நாயோடு சேர்ந்து வழுக்கும். நகத்தை வெட்டுங்கள். பாதத்தின் அடியில் விரலிடுக்கில் முடி வளர்ந்திருந்தால் கத்தரியுங்கள். விலாவில் கை வைத்து இலேசாகத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் என்ன செலவு?

நடக்கும்போது தலை ஒருபக்கக் காலுக்கு மட்டும் தூக்கித் தூக்கி ஆடினால் கவனியுங்கள். வலிக்கிற முன்னங்காலை ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல காலை ஊன்றும்போது தாழும். நொண்டுகிறது என்று தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள். வீட்டு டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இப்யூபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் நாசம் செய்யும். பாராசிட்டமாலும் ஆபத்துதான். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்றும் விட்டுவிடாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு முட்டி வலித்தால் அப்படியா விடுகிறீர்கள்?

எனக்கு உண்மையில் கோபம் அந்த ரீல் போட்ட பையன்மீதுகூட அதிகமில்லை. அவனுக்குத் தெரியாது, நாயின்மேல் பாசமாகத்தான் இருக்கிறான், அது வீடியோவிலேயே தெரிகிறது. அவனிடம் குட்டியை விற்றவருக்குத் தெரியும். புரூனோவை விற்றவருக்கும் தெரியும். "சாம்பியன் லைன்" என்று சொல்லத் தெரிந்தவருக்குத் தாய் தகப்பன் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு இணை சேர்க்க வேண்டும் என்று தெரியாதா? வெளிநாடுகளில் பொறுப்பாக நாய் வளர்த்து விற்கிறவர்கள் பல வருடமாக அந்த எக்ஸ்ரேவுக்கு மதிப்பெண் வாங்கித்தான் இணை சேர்க்கிறார்கள். இங்கே அதைக் கேட்டால் "என்ன சார் புதுசா கேக்கறீங்க" என்கிறார்கள். நாம் கேட்காததால்தான் புதிதாக இருக்கிறது. நிறம், தலை அளவு, சர்டிஃபிகேட் எல்லாம் கேட்கிறோம். இனி குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேவையும் கேளுங்கள். காட்டவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.