பாஸ்டரோடு போட்டோ எடுத்தால் மட்டும் கொலை குறையாது

அமெரிக்காவில் ஏதாவது ஒரு நகரத்தில் துப்பாக்கிச் சூடு கூடிவிட்டால் மேயர்கள் தவறாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. நாலு பாஸ்டர்களைப் பக்கத்தில் நிறுத்தி, பின்னால் போலீஸ் கமிஷனரை நிறுத்தி, நகர நிர்வாகமும் தேவாலயங்களும் குடியிருப்போரும் சேர்ந்து வன்முறையை ஒழிக்கப் போகிறோம் என்று ஒரு அறிவிப்பு. இதைப் பார்த்ததும் ஒரு கூட்டம் "ஜெபம் பண்ணினா தோட்டா நின்னுடுமா" என்று சிரிக்கும். இன்னொரு கூட்டம் "பாத்தீங்களா, கடைசியில கடவுள்கிட்டதானே வரணும்" என்று புல்லரிக்கும். இரண்டு தரப்புக்கும் விஷயம் பிடிபடவில்லை என்பேன். இந்தக் கூட்டு சில இடங்களில் நிஜமாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் நகர நிர்வாகம் தன் கையில் இருந்த அதிகாரத்தில் கொஞ்சத்தை அந்தத் தெருக்காரர்களிடம் கொடுத்த இடத்தில்தான் வேலை செய்திருக்கிறது. கொடுக்காத இடத்தில் மிஞ்சுவது போட்டோதான்.

பாஸ்டன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜெயித்ததும் சொதப்பியதும் ஒரே ஊரில் நடந்திருக்கிறது.

1990-ல் அங்கே 152 கொலைகள். ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மட்டப்பான் என்று கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதிகள்தான் பெரும்பாலும் அடி வாங்கின. கிராக் என்ற கொக்கெயின் வகைப் போதைப்பொருள் வியாபாரம், தெருவுக்குத் தெரு எல்லைச் சண்டை, பள்ளிக்கூடம் போகிற வயதுப் பையன்கள் கையில் துப்பாக்கி. போலீஸிடம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அதற்கும் காரணம் இருந்தது. 1989-ல் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் என்ற வெள்ளைக்காரர் தன் கர்ப்பிணி மனைவியைக் கொன்றுவிட்டு, ஒரு கறுப்பினத்தவன் சுட்டுவிட்டான் என்று கதை கட்டினார். போலீஸ் அதை நம்பி மிஷன் ஹில் பகுதியில் கண்ணில் பட்ட கறுப்பின இளைஞர்களை எல்லாம் நிறுத்திச் சோதனை போட்டது. சில மாதங்களிலேயே குட்டு வெளிப்பட்டது. நகரத்தின் சார்பில் மேயர் மன்னிப்புக் கேட்டதோ 2023 டிசம்பரில். முப்பத்து நாலு வருஷம்! இந்த நிலையில் "தகவல் தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று போஸ்டர் ஒட்டினால் யார் சொல்வார்கள்?

1992 மே மாதம் மட்டப்பானில் உள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஒரு இறுதிச் சடங்கு. சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு இளைஞனுக்காக. அந்தச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கும்பல் உள்ளே வந்து, துக்கத்துக்கு வந்திருந்த ஒருவனை எல்லார் கண் முன்னாலும் அடித்துக் கத்தியால் குத்தியது. அதுவரை தேவாலயங்கள் தங்கள் கதவுக்கு உள்ளே பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தன. யூஜின் ரிவர்ஸ், ஜெஃப்ரி பிரவுன், ரே ஹாமண்ட் என்கிற பாஸ்டர்கள் சேர்ந்து டென் பாயின்ட் கூட்டமைப்பைத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

அவர்கள் செய்த முதல் வேலை பிரசங்கம் இல்லை, நடை. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, பையன்கள் நிற்கிற அதே முனைகளில். ஆரம்பத்தில் பையன்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லையாம். தொடர்ந்து போன பிறகுதான் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். ரிவர்ஸிடம் ஒரு போதைப்பொருள் வியாபாரி சொன்னதாகப் பரவலாக எழுதப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. பையன் காலையில் பள்ளிக்கூடம் போகும்போதும், சாயங்காலம் திரும்பும்போதும், ராத்திரி கடைக்கு வரும்போதும் நான் அங்கே நிற்கிறேன், நீங்கள் இல்லை, அதனால்தான் நான் ஜெயிக்கிறேன் என்பது அதன் சாரம். சமூகவியல் வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

அப்புறம் போலீஸோடு உறவு. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ரிவர்ஸ் முதற்கொண்டு பலரும் போலீஸைக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தான். பிறகு இரண்டு பக்கமும் ஒரு மாதிரி ஒத்துப்போனார்கள். நிஜமாகவே ஆபத்தானவன் யார், சும்மா கூடச் சேர்ந்து கெட்டுப்போனவன் யார் என்று பாஸ்டர்கள் பிரித்துச் சொல்வார்கள், போலீஸ் அதைக் காதில் வாங்கிக்கொள்ளும். போலீஸ் அத்துமீறினால் அதே பாஸ்டர்கள் மைக் முன்னால் வந்து நிற்பார்கள். ஹார்வர்டு சமூகவியலாளர் கிறிஸ்டோபர் வின்ஷிப் இதை ஒரு குடை என்று வர்ணித்தார். ஒழுங்காக நடக்கும்வரை போலீஸுக்கு மேல் பாஸ்டர்கள் குடை பிடிப்பார்கள், இல்லாவிட்டால் மடக்கிவிடுவார்கள். மடக்க முடியாத குடையைப் பிடிப்பவருக்குப் பெயர் வேறு. இன்றைக்குப் பல நகரங்களில் மேயர் பக்கத்தில் நிற்கிற பாஸ்டர்கள் அந்த ரகம்தான், ஏனென்றால் மானியம் அந்த அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும். 1994-ல் பாஸ்டன் போலீஸ் தவறான வீட்டுக்குள் அதிரடியாக நுழைந்து, 75 வயதான ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். கமிஷனர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு அந்தத் துறை மழுப்பியிருந்தால் இந்த மொத்தக் கூட்டும் அங்கேயே முடிந்திருக்கும் என்பது என் ஊகம்.

1996-ல் ஆபரேஷன் சீஸ்ஃபயர் என்ற வன்முறைத் தடுப்புத் திட்டம் வந்தது. டேவிட் கென்னடி உள்ளிட்ட ஹார்வர்டு ஆய்வாளர்கள், போலீஸ், நன்னடத்தை அதிகாரிகள், தெருவில் இறங்கிப் பையன்களோடு பேசும் பணியாளர்கள் எல்லாரும் உட்கார்ந்து, கும்பல்களில் இருப்பது யார் என்று கணக்குப் பார்த்தார்கள். சுமார் 1,300 பேர், அறுபத்துச் சொச்சம் கும்பல்கள். ஊரில் உள்ள இளைஞர்களில் ஒரு சதவிகிதம்கூட வராது, ஆனால் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவிகிதம் இவர்கள் கணக்கில். அவர்களை நேரில் கூப்பிட்டு, இனி உங்கள் கூட்டத்தில் ஒருவன் சுட்டால் கூட்டம் முழுக்கவே நடவடிக்கை, வெளியே வர நினைத்தால் வேலைக்கும் படிப்புக்கும் உதவி என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். 1999-ல் கொலைகள் 31-க்கு வந்தன. நாடு முழுக்கவே அந்தக் காலத்தில் குற்றம் குறைந்தது, அதனால் எவ்வளவு பெருமை யாருக்கு என்று ஆய்வாளர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். அது நியாயமான சண்டை. பாஸ்டர்களுக்கு மட்டும் மாலை போடுகிறவர்களை நானும் நம்புவதில்லை.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். பாஸ்டர்களுக்குள் யார் முகம் டிவியில் வருவது என்பது போன்ற பிணக்குகள், முக்கியமான அதிகாரிகள் வேறு வேலைக்குப் போனது, எண்ணிக்கைதான் குறைந்துவிட்டதே என்ற மெத்தனம். சீஸ்ஃபயர் கைவிடப்பட்டது. 2001-ல் கொலைகள் இரு மடங்கு. 2010-ல் 73. பல வருஷம் பாடுபட்டுப் பழையபடி எல்லாரையும் ஒரு மேஜைக்குக் கொண்டுவந்து, 2024-ல் 24 என்று பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். நடுவில் போன உயிர்களுக்கு யார் பதில் சொல்வது?

சரி, அது துப்பாக்கி. என் மனசுக்குப் பிடித்த கதை அதே ராக்ஸ்பரியில் டட்லி தெருவில் நடந்தது, அதில் துப்பாக்கியே வராது.

1980-களில் அங்கே ஒன்றரைச் சதுர மைலுக்குள் சுமார் 1,300 காலி மனைகள். வீட்டுக்காரர்களே இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கொளுத்திவிட்டுப் போன வீடுகளும் அதில் அடக்கம். ஊர்க் குப்பை எல்லாம், இறைச்சிக் கழிவு உட்பட, லாரியில் வந்து கொட்டப்படும். 1985-ல் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தில் ஒரு கூட்டம். ஒரு அறக்கட்டளையும் சில சேவை அமைப்புகளும் சேர்ந்து நல்ல எண்ணத்தோடுதான் ஒரு திட்டம் கொண்டுவந்தன, நிர்வாகக் குழுவில் பெரும்பாலான நாற்காலிகள் வெளியாட்களுக்கு. குடியிருப்பவர்கள் எழுந்து, உங்களில் எத்தனை பேர் இந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கூட்டம் திசை மாறியது. கடைசியில் குழுவில் பெரும்பான்மை குடியிருப்போருக்கு, அதிலும் கறுப்பினத்தவர், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), கேப் வெர்டே நாட்டவர், வெள்ளையர் என்று நாலு தரப்புக்கும் சமமான இடங்கள். எண்ணிக்கையில் யார் அதிகம் என்று பார்க்காமல் சமமாக! இதை எழுதும்போதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

முதல் போராட்டம் குப்பைக்கு எதிராக. ஜெயித்தார்கள். 1988-ல் நகர நிர்வாகம் செய்ததுதான் பெரிய விஷயம். தனியார் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை இந்தக் குடியிருப்போர் அமைப்புக்கே கொடுத்தது. அமெரிக்காவில் ஒரு தெருமக்கள் அமைப்புக்கு இந்த அதிகாரம் கிடைத்தது அதுவே முதல் தடவை. மேயர் ரேமண்ட் ஃபிளின் அன்றைக்கு ஒரு பூங்கா திறந்துவிட்டுக் கை தட்டல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இப்படிக் கிடைத்த நிலம் பொது அறக்கட்டளையின் பெயரில், மேலே கட்டிய வீடு குடும்பத்தின் பெயரில், விற்கும்போது விலைக்கு ஒரு உச்சவரம்பு. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அப்படி வந்தன. 2008-ல் சுற்றுவட்டாரத்தில் வீடுகள் வரிசையாக ஜப்தியானபோது இந்த வீடுகளில் ஜப்தி சொற்பம்.

காலி மனைக்கும் குற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு பிலடெல்பியா. 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்து, தாழ்வான மரவேலி போட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018-ல் முடிவு வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவிகிதம் குறைந்திருந்தது. புதர் போய்விட்டால் துப்பாக்கியை ஒளித்துவைக்க முடியாது, தவிர, சுத்தமான இடத்தில் ஜனங்கள் வெளியே வந்து உட்காருவார்கள். ஆள் இருக்கிற இடத்தில் சுடுவது கஷ்டம். நாடு முழுக்க 264 நகரங்களை இருபது வருஷத்துக்கு மேல் ஆராய்ந்த சமூகவியலாளர் பேட்ரிக் ஷார்க்கியும், ஒரு லட்சம் பேருக்குப் பத்து சமூக அமைப்புகள் கூடினால் கொலை விகிதம் 9 சதவிகிதம் குறைவதாகக் கண்டார். இதில் தேவாலயம் கட்டாயம் இல்லை. ஆனால் வாடகை தராமல் கூட்டம் போட ஒரு ஹாலும், சாவி வைத்திருக்கிற நம்பகமான ஒரு ஆளும் ஏழைப் பகுதிகளில் வேறெங்கே கிடைக்கும்?

தேவாலயங்களைத் தூக்கிப் பிடிக்கவில்லை. நிறைய சபைகளில் உறுப்பினர்கள் எப்போதோ புறநகருக்குக் குடிபோய்விட்டார்கள். ஞாயிறு காலை காரில் வந்து, பார்க்கிங்கைப் பிடித்து, மத்தியானம் கிளம்பிவிடுவார்கள். அந்த பாஸ்டருக்குப் பக்கத்துத் தெருப் பையன் பெயர்கூடத் தெரியாது, ஆனால் "சமூகத்தின் பிரதிநிதி" என்று மேயர் பக்கத்தில் நிற்பார். அரசுப் பணத்தில் வழிபாடு நடத்தக் கூடாது என்பது அங்கே அரசியல் சட்டம், அதில் சமரசமே வேண்டாம். வீட்டில் துரத்திவிடப்பட்ட ஓரினச்சேர்க்கைப் பையனுக்கு தேவாலயக் கதவு பாதுகாப்பாகத் தெரியாது, அவனுக்கு வேறு கதவு இருந்தாக வேண்டும்.

நம்ம ஆட்கள் அமெரிக்காவில் வீடு தேடும்போது செய்வது உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூட ரேட்டிங், அப்புறம் குற்ற வரைபடம். சிவப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த ஊர். குழந்தை குட்டியோடு இருக்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிவப்புக்குள் சுடுகிறவன் நூற்றில் ஒருவன்கூட இல்லை, மற்றவர்கள் ராத்திரி ஜன்னலோரம் படுக்கப் பயப்படுகிற சாதாரண ஜனங்கள்.

2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் நூற்றுக்கணக்கான மானியங்களை ஒரே வீச்சில் ரத்து செய்தது. தெருவில் இறங்கி வன்முறையைத் தடுக்கிற உள்ளூர் அமைப்புகள் பலவும் அதில் மாட்டின. ராத்திரி இரண்டு மணிக்கு முனையில் நின்று பேசுகிறவருக்குச் சம்பளம் தர அறிக்கை மேல் அறிக்கை கேட்கிறார்கள், "பலன் நிரூபணமாகவில்லை" என்று நிறுத்துகிறார்கள். போலீஸ் ஓவர்டைம் பட்ஜெட் ஒவ்வொரு வருஷமும் தாண்டிப் போகிறதே, அதனால் எத்தனை கொலை குறைந்தது என்று இதே கேள்வியை அந்தப் பக்கம் யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?