டேக் செய்யாதீர்கள், நலம் கேளுங்கள்

ரங்கூனில் பிறந்து வளர்ந்தவன் நான். முகநூலில் இருப்பது என் பர்மியப் பெயர். எங்களில் பலருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர். அதனால் தமிழ்நாட்டிலிருந்து பேச வருகிறவர்களின் முதல் கேள்வியே "நீங்க தமிழா?" என்பதுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. பதிலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுவேன். தமிழ் பேசவந்தும் எழுதவராத எங்கள் பிள்ளைகளுக்கும் அதுதான் வழி.

இணைய நட்பெல்லாம் போலி என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. 1964-ல் கடைகள் அரசுடைமையானதும் பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறினார்கள். தாத்தாவின் தம்பியும் போனார். சில வருடம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. சிம் கார்டே வசதியுள்ளவர்களுக்குத்தான் என்றிருந்த இந்த ஊரில் 2014-ல் 1,500 கியாட்டுக்கு சிம் வந்தது. போன் வாங்கிய கையோடு நாங்கள் திறந்தது முகநூலைத்தான். பழைய குடும்பப் படம் ஒன்றைப் போட்டேன். "நடுவில் நிற்கிறவர் எங்கள் அப்பா" என்று திருச்சியிலிருந்து ஒருவர் எழுதினார். எனக்குச் சித்தப்பா முறை! அன்று இரவு அப்பா தூங்கவே இல்லை.

இதே முகநூலில் இந்த மண்ணில் வெறுப்பும் பரவியது. போதிய அளவு தடுக்கவில்லை என்று 2018-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாளில், 2021 பிப்ரவரி 4-லிருந்து முகநூல் இங்கே முடக்கம். தடையைத் தாண்ட உதவும் விபிஎன் ஆப் போட்டுத்தான் வருகிறோம். சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பார்ப்பார்கள். அது தெரியாமல் வெளிநாட்டு நண்பர்கள் அரசியல் பதிவுகளில் எங்களை டேக் செய்கிறார்கள். பாசத்தோடுதான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும் ஒரு பையனை அது சிறைக்கு அனுப்பிவிடலாம். தயவுசெய்து வேண்டாம். "நீ ஏன் வாயே திறப்பதில்லை?" என்று பொதுவில் கேட்காதீர்கள். லைக் போடவில்லை என்று நட்பை முறித்தவர்களும் உண்டு. வெளியூர் போகும் நாளில் ஆப்பையே அழித்துவிட்டுக் கிளம்புகிறவன் எப்படி லைக் போடுவான்?

2025 மார்ச் 28-ல் நிலநடுக்கம் வந்தபோது அக்கா மண்டலேயில் இருந்தாள். லைன் கிடைக்கவில்லை. அலைந்து திரிந்து மறுநாள் மாலைதான் போனைப் பார்த்தேன். சித்தப்பாவிடமிருந்து பதினோரு வாய்ஸ் மெசேஜ். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "அக்கா கிடைச்சாளாப்பா?"