வாசல் ரேம்ப்பை உடைச்சிட்டு அப்புறம் உறுதிமொழி எடுங்க சார்!

ஒவ்வொரு ஜனவரி ஒண்ணாம் தேதியும் எங்க தெருக்காரங்களுக்குத் திடீர்னு ஊர்ப்பாசம் பொத்துக்கிட்டு வந்துடுது. 'இந்த ஆண்டு நம் பகுதியை நேசிப்போம், அண்டை வீட்டாரோடு பழகுவோம், மரம் நடுவோம், தூய்மை காப்போம்'னு ரோஜாப்பூ படத்து மேல எழுதி ஒருத்தர் வாட்ஸ்அப் குழுவுல போடுறார். அடுத்த நிமிஷமே கும்பிடும் கைத்தட்டலும் வரிசை கட்டுது. இந்த வருஷமும் வந்தாச்சு. படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஏன்னா அனுப்பினவர் வீட்டு வாசல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

ஏரியும் சதுப்புமா இருந்த இடத்துல வீடு முளைச்ச தென்சென்னைப் பகுதி எங்களோடது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த தெரு. ரோட்டோரமா மழைநீர் வடிகால் போட்டிருக்காங்க. ரோட்டுத் தண்ணி உள்ள இறங்கறதுக்கு அங்கங்க கம்பி வெச்ச வாயும் விட்டிருக்காங்க. நம்ம ஆளு என்ன பண்ணார்? கார் குலுங்காம ஏறணுமாம். கேட்டுல ஆரம்பிச்சு, நடைபாதையை முழுங்கி, ரோட்டுக்குள்ள மூணடி வரைக்கும் சிமென்ட்டைக் கொட்டி ரேம்ப் கட்டி, மேல டைல்ஸ் வேற ஒட்டிட்டார். வடிகால் வாய் அதுக்கடியில சமாதி. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? அவரோடது இன்னும் அரை அடி உசரம். இப்படியே தெருமுனை வரைக்கும் வரிசையா.

போன கார்த்திகை மழையில தெருவுல முழங்கால் அளவுக்குத் தண்ணி நின்னுச்சு. ரெண்டு பணியாளருங்க வந்து, கடப்பாறையால வடிகால் மூடியை நெம்பித் தூக்கினாங்க. தூக்கினதுதான் தாமதம், தெருத்தண்ணி மொத்தமும் கொடகொடன்னு உள்ள இறங்கிடுச்சு. அதாவது கீழ வடிகால் காலியா கிடந்திருக்கு, மேல நாங்க மிதந்திருக்கோம்! இதை எல்லாரும் பால்கனியில நின்னு பார்த்தாங்க. பார்த்துட்டு, அதே ரேம்ப்காரர் அன்னைக்கு ராத்திரியே 'வரி மட்டும் வாங்கத் தெரியுது, நடவடிக்கை எங்கே?'ன்னு தண்ணி நின்ன வீடியோவைக் குழுவுல போடுறார். கேட்க வேண்டியவங்களைக் கேளுங்க, வேண்டாம்னு சொல்லலை. பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேல மேல தார் போட்டுட்டுப் போற ஒப்பந்தக்காரரைக் கேளுங்க. எங்க தெருவுல பாதி வீடு பள்ளத்துக்குப் போனது அப்படித்தான். ஆனா உங்க டைல்ஸுக்கு அடியில இருக்கிற வாயை யார் சார் வந்து திறப்பாங்க?

மரம் நடுற உறுதிமொழிக்கு வருவோம். போன ஜனவரியில நட்டாங்க. வேம்பு, புங்கை, நல்ல கன்னுங்கதான். அஞ்சு பேர் சேர்ந்து ஒரே கன்னைப் பிடிச்சு போட்டோவும் எடுத்துக்கிட்டாங்க. இரும்புக் கூண்டு மேல கன்னை விடப் பெரிசா பெயர்ப்பலகை. பங்குனி வெயில்ல ஒரு குடம் தண்ணி ஊத்த ஆள் இல்லை. இப்போ கூண்டு இருக்கு, பலகை இருக்கு, உள்ள குர்குரே கவர் இருக்கு. சரி, இருக்கிற மரத்தையாவது விடுறாங்களா? முனையில நிக்கிற தூங்குமூஞ்சி மரத்தோட அடியில மூச்சு விட இடமில்லாம சிமென்ட் பூசி, உடம்பு முழுக்க ஆணி அடிச்சு டியூஷன் சென்டர் போர்டும் 'வீடு வாடகைக்கு' அட்டையும் தொங்குது. 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்போ சென்னையில ஆயிரக்கணக்குல மரம் சாய்ஞ்சதே, வேரை இறுக்கிக் கட்டிவெச்சா அது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?

தூய்மையைப் பத்திப் பேசவே கூடாது, எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிடும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பைன்னு பிரிச்சுத்தான் குடுக்கணும்னு 2016லேயே விதி வந்தாச்சு. எங்க தெருவுல சாம்பார் வடிகட்டின முருங்கைச்சக்கை, உடைஞ்ச டியூப்லைட், குழந்தையோட டயப்பர் எல்லாம் ஒரே கேரி பேக்ல. பேட்டரி வண்டி ஓட்டிட்டு வர அக்கா அதை வண்டியோரமா கொட்டி, கையால பிரிக்கிறாங்க. ஒருநாள் கண்ணாடி கிழிச்சு உள்ளங்கையில ரத்தம். எதிர்வீட்டு மாமிகிட்ட, "பிரிச்சுக் குடுக்கலாமே மாமி"ன்னேன். "அதுக்குத்தானேம்மா அவாளுக்குச் சம்பளம்"னாங்க. அண்டை அயலாரோட பழகுறேன்னு ஜனவரியில இதயம் அனுப்பினது இதே மாமிதான். தினமும் காலையில வாசலுக்கு வர அந்த அக்காவோட பேர் என்னன்னு கேட்டா, தெரு முழுக்கத் தேடினாலும் சொல்ல ஆள் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவுல, உறுதிமொழி எடுத்து ரெண்டு வாரத்துல போகி. பழைய மெத்தை, சைக்கிள் டயர், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் விடியக்காலையில கொழுந்துவிட்டு எரியும். 2018 போகியன்னைக்குப் புகையால சென்னையில விமானமே இறங்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. அப்படியும் புத்தி வரலை. கீழ்வீட்டுத் தாத்தா ஆஸ்துமாக்காரர். போகிக்கு முந்தின நாளே மகள் வீட்டுக்குக் கிளம்பிடுறார்.

எல்லாத்துக்கும் மேல எனக்கு ஆத்திரம் வர விஷயம் இதுதான்: பேசுறதுக்கு இடமே இல்லைன்னா வாட்ஸ்அப்ல புலம்பலாம், நியாயம். இடம் இருக்குங்க! கிராம சபை மாதிரி நகரத்துக்கும் பகுதி சபைன்னு விதி கொண்டுவந்து, 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னைக்கு முதல் கூட்டமும் நடத்தியாச்சு. போன வருஷம் எங்க பகுதி சபை அறிவிப்பைக் குழுவுல போட்டேன். கும்பிடு வரலை, கைத்தட்டல் வரலை. அதுக்கு மேல ஒரு பிள்ளையார் படம் வந்து விழுந்து அறிவிப்பே மறைஞ்சு போச்சு. சமுதாயக் கூடத்துக்குப் போனா, முன்வரிசையில கட்சிக்காரங்க, பின்னாடி காலி நாற்காலி. எங்க தெருவுலேர்ந்து என்னைத் தவிர வந்தது முதியோர் பென்ஷன் நின்னுபோன ஒரு பாட்டி மட்டும்தான். பாட்டி பாவம், தன் விஷயத்தைத் தெளிவா பேசி, மனு குடுத்து, ரசீது கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. மாடிவீட்டு இன்ஜினியர்களும் ரிட்டயர்டு ஆபீசர்களும் அந்நேரம் குழுவுல 'நாடு எங்கே போகிறது' கட்டுரை அனுப்பிட்டு இருந்தாங்க.

ரேம்ப் பத்தி அந்த ரேம்ப்காரர்கிட்ட நேர்லயே கேட்டுப் பார்த்தேன். "நீங்க வாடகைக்குத்தானேம்மா இருக்கீங்க?"ன்னு ஒரே கேள்வியில முடிச்சிட்டார். வாடகைக்கு இருக்கிறவ வீட்டுக்குள்ள மட்டும் தண்ணி கேட்டுட்டா வருது?

அடுத்த பகுதி சபைக்கு மனு எழுதிட்டேன். வடிகால் வாயை அடைச்சிருக்கிற ரேம்ப் ஒவ்வொண்ணுக்கும் கதவு எண்ணும் போட்டோவும் இணைச்சிருக்கேன். பட்டியல்ல எங்க ஹவுஸ் ஓனர் வீடும் இருக்கு. வாடகையை ஏத்துவார். ஏத்தட்டும்.