பயிற்சி யாருக்குக் கொடுத்தார்கள்?

எல்லோரும் பகிர்ந்துவரும் அந்த இரண்டு படங்களைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனம் கேட்கவில்லை. ஒன்றில், நகரங்களுக்கான இயற்கை சார்ந்த தீர்வுகள் (வெள்ளம், வெப்பம் போன்றவற்றை மண், செடி, நீர்நிலை கொண்டே சமாளிப்பது) பற்றிய பயிற்சியை முடித்த அதிகாரிகள் சான்றிதழுடன் நிற்கிறார்கள். மற்றொன்றில், அதே துறை சாலையோர மழைநீர்ப் பாத்தியை, அதாவது சாலையில் ஓடும் மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப் பள்ளத்தை, கான்கிரீட் போட்டு மூடுகிறது. "இவர்களுக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் வீண்" என்கிறீர்கள். மூடச் சொன்ன பொறியாளர் அந்தப் பயிற்சிக்கு அழைக்கப்படவே இல்லையே!

இப்படியொரு பயிற்சியில் நானும் வகுப்பெடுத்திருக்கிறேன். சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு, 2012இல் வளைந்தோடும் ஆறாக மீட்கப்பட்டதைப் படங்களுடன் விளக்கினேன். இடைவேளையில் ஓர் இளநிலைப் பொறியாளர் வந்து, "மேடம், அரசு வேலைகளுக்கான விலைப்பட்டியலில் கான்கிரீட் கால்வாய்க்கு விலை இருக்கிறது, இதற்கு இல்லையே, எஸ்டிமேட்டில் எப்படிக் காட்டுவது? தணிக்கையில் கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?" என்றார். அதை அமைப்பாளர்களிடம் கொண்டுபோனேன். "அது நிர்வாக விஷயம், பயிற்சியில் வராது" என்று முடித்துவிட்டார்கள். அதுதான் பயிற்சியின் முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும் என்பதை அவர்களுக்குப் புரியவைக்க முடியாமல் போனது இன்றும் எனக்கு வலிக்கிறது.

மழைநீர்ப் பாத்தி சாலை மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நீர் உள்ளே வர ஓரக்கல்லில் திறப்பு வேண்டும். அதன் மண்ணில் ஒருமுறை ரோலர் ஏறினாலே துளைகள் இறுகி, நீர் இறங்குவது வெகுவாகக் குறைந்துவிடும். திறப்பில் சேரும் வண்டலை அள்ளாவிட்டால் நீர் உள்ளே வராமல் சாலையிலேயே நிற்கும். உடனே திட்டமே தோல்வி என்று பெயராகிவிடும். ரோலர் ஓட்டுபவருக்கும் வண்டல் அள்ளுபவருக்கும் இதைச் சொல்லாமல், மேலதிகாரிகளை மட்டும் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் பாத்தி எப்படிப் பிழைக்கும்? கொலம்பியாவின் மெடலின் நகரம் சாலையோரங்களில் மரம், செடி நட்டுப் பசுமை வழித்தடங்களை அமைத்தபோது, அவற்றைப் பராமரிக்கப் போகும் எளிய மக்களுக்குத் தோட்டப் பயிற்சி கொடுத்தது.

"கொசு பெருகும்" என்பார்கள். சரியாக அமைத்த பாத்தியில் நீர் ஓரிரு நாளில் வடிந்துவிடும். கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெறப் பொதுவாக ஒரு வாரமாவது ஆகும். "பெருமழைக்கு இது போதாது" என்பார்கள். போதாதுதான், வடிகாலே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? "பயிற்சி பெற்றவர் மாறுதலாகிப் போய்விடுகிறாரே" என்ற கேள்விதான் கனமானது. அதனால்தான் விலைப்பட்டியலிலும் பராமரிப்புக் கையேட்டிலும் இது ஏற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆள் மாறினாலும் அவை அந்த இருக்கையிலேயே இருக்கும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன், இயற்கை சார்ந்த தீர்வுகளுக்காக 2020இல் வெளியிட்ட உலகத் தரநிலையின் 8 அளவுகோல்களில், கண்காணித்துக் கற்றுத் திருத்திக்கொண்டே நிர்வகிப்பதும் ஒன்று. ஒருநாள் வகுப்பில் அது எப்படி அடங்கும்?

இன்னொன்று. பாத்தியை மூடச் சொன்ன அந்தப் பொறியாளரின் முகத்தை வட்டமிட்டுப் பரப்புகிறீர்களே, தயவுசெய்து அதை நீக்குங்கள். அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்காத ஒன்றை அவர் கெடுத்துவிட்டார் என்று திட்டுகிறீர்கள். பங்கேற்பாளர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காதவர்களிடம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.