தேடுகிறோம், ஆனால் எதைத் தேடுகிறோம்?

பிரபலம் ஒருவர் திடீரென்று இறந்துபோனால் அடுத்த சில நாட்களுக்கு எங்கு பார்த்தாலும் இதயம் பற்றிய பேச்சுதான். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தபோது பெங்களூரு மருத்துவமனைகளில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது நாம் தேடுவதெல்லாம் ஏன் வந்தது, எனக்கும் வருமா, ஜிம் காரணமா, தடுப்பூசி காரணமா என்பதைத்தான். என் கண் முன்னால் ஒருவர் விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

அதே ஆண்டு ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ கோப்பைக் கால்பந்தில் பின்லாந்துக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அங்கேயே நெஞ்சை அழுத்தினார்கள், டிஃபிப்ரிலேட்டர் என்ற கருவியால் இதயத்துக்கு மின்ஷாக் கொடுத்தார்கள், பிழைத்தார். அடுத்த ஆண்டே பிரென்ட்ஃபோர்டு அணிக்கு ஆடவும் வந்துவிட்டார். பலர் அதிசயம் என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

மைதானத்தில் மருத்துவர்கள் இருந்தார்கள், சரி. தெருவில் விழுபவருக்கு யார் இருக்கிறார்கள்? டென்மார்க் இதை எரிக்சனுக்கு வெகு முன்பே யோசித்துவிட்டது. 2005இல் பள்ளிகளில் சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி, பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2006 முதல் ஓட்டுநர் உரிமம் வாங்கவும் அது வேண்டும். 2001இல் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்குத்தான் அருகில் இருந்தவர்கள் சி.பி.ஆர். செய்தார்கள். 2010இல் அது 45 சதவீதம். ஒரு மாதம் தாண்டிப் பிழைத்திருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள். சிகிச்சை முறைகள் மேம்பட்டதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் அந்த முதல் சில நிமிடங்களில் பக்கத்தில் நின்றவர்களின் கைகளை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது என்ன? தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் விடாமல் இருமுங்கள் என்ற செய்தி. வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. மாரடைப்பில் இதயமே நின்றுவிட்டால் சில நொடிகளில் நினைவு போய்விடும், அவர் எங்கே இருமுவது? இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108க்குச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் வையுங்கள். விட்டுவிட்டு இழுக்கும் மூச்சைப் பார்த்து, மூச்சு இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். தண்ணீர் புகட்ட வேண்டாம். நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமல் அழுத்துங்கள். விலா எலும்பு உடையுமோ என்று தயங்க வேண்டாம். உடைந்தால் சேரும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள். கை ஓய்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிவிடுங்கள்.

இங்கே ஆர்.டி.ஓ.வில் வண்டியில் எட்டு போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். அதே நாளில் ஒரு பொம்மையின் நெஞ்சை இரண்டு நிமிடம் அழுத்திக் காட்டவும் சொல்லட்டும். அரசிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.